குதிகாலும் கடைசி ஷாட்டும்

2023 ஆகஸ்ட் 14, திங்கள்

கூடைப்பந்து உலகக் கோப்பைக்கு லாட்வியாவின் நெட்டை ஆட்டக்காரர் பொர்ஸிங்கிஸ் வரவில்லை. பிளாண்டர் ஃபேசியைட்டிஸ். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த பட்டை புண்ணாகிப் போவது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி ஊன்றும் முதல் அடிதான் உயிர் போகும்; நடக்க நடக்க விட்டுவிட்ட மாதிரி இருக்கும். அதை நம்பி ஓடினால் மறுநாள் இன்னும் மோசம். ஒன்றுவிட்டு ஒருநாள் ஆட்டம் என்ற அட்டவணையில் இந்தக் காலுக்கு இடமே இல்லை. ஜூனில்தான் அமெரிக்காவின் பாஸ்டன் கிளப் அவரை வாங்கியிருக்கிறது. அவர்களுக்கும் உள்ளூர நிம்மதியாகத்தான் இருக்கும்.

போனது உயரம் மட்டும் என்றால் பரவாயில்லை. அவர் வெளியே நின்றால் எதிரணி சென்டர், அதாவது கூடையைக் காக்கும் நெட்டை ஆள், கூடைக்கடியை விட்டு வந்தே ஆகவேண்டும். அந்த வேலையை இனி யார் பார்ப்பது?

ஆகஸ்ட் 16

ஷ்மிட்ஸ். கிராஜுலிஸ். அந்த வேலைக்கு இந்த இருவர்தான்.

ஆகஸ்ட் 19, சனி

பயிற்சியாளர் பாங்கி ஆட்டமுறையை மாற்றப்போவதில்லை என்றே தோன்றுகிறது. நல்லது. ஐந்து பேரும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, ஆட்டத்தை நடத்தும் ஜகார்ஸ் கையில் பந்து, ஒரு பெரியவர் (நெட்டை ஆள்) வந்து ஸ்கிரீன் வைப்பார், அதாவது காப்பாளரின் வழியை உடலால் மறிப்பார். வைத்தவர் கூடையை நோக்கி ஓடலாம், அல்லது அப்படியே வெளியே விலகி நிற்கலாம். லாட்வியாவின் பெரியவர்களுக்கு வெளியிலிருந்து போடத் தெரியும் என்பதால் காப்பாளர் இரண்டையும் அஞ்ச வேண்டும். அரைநொடி தயங்கினால் ஜகார்ஸ் உள்ளே போய்விடுவார். உதவிக்கு மூலையிலிருந்து ஒருவர் வந்தால் மூலை காலி.

மூலைதான் மலிவான இடம். கோடு மற்ற எல்லா இடத்திலும் 6.75 மீட்டர், மூலையில் 6.60. ஆனால் கோட்டுக்கும் பக்கவாட்டு எல்லைக்கும் நடுவே 90 சென்டிமீட்டர்தான். பாஸ் நெஞ்சுக்கு வந்தால் ஷாட். இடுப்புக்குக் கீழே வந்தால் குனிந்து எடுக்கும்போது ஒரு கால் பின்னால் போகும், குதிகால் எல்லைக்கோட்டை மிதிக்கும், பந்து பறிபோகும். இதெல்லாம் பாஸ் கொடுப்பவரின் தப்பு, வாங்குபவரின் பெயரில் எழுதப்படும்.

இதன் விலையும் தெரிந்ததே. பெரியவர்கள் வெளியே நிற்கும் அணிக்குத் தாக்குதலில் இரண்டாவது வாய்ப்பு அரிது. தூரத்து ஷாட் தவறினால் பந்து தூரமாகத் துள்ளும், அதைத் துரத்த பந்தை நடத்தும் குட்டையான ஆட்கள், அதாவது கார்டுகள், இரண்டு பேர் போதாது.

ஆகஸ்ட் 25

லெபனான் மேல் 109-70. இதை வைத்து எதையும் அளக்க முடியாது.

ஆனால் தேதியைக் குறித்துக்கொள்ளலாம். 1935-ல் ஜெனீவாவில் முதல் ஐரோப்பியப் பட்டத்தை ஸ்பெயினை 24-18 என்று வென்று எடுத்த நாடு, உலகக் கோப்பையில் தன் பெயரில் ஆடும் முதல் ஆட்டம் இன்றுதான். நடுவில் சோவியத் காலம். ரீகாவின் ஏஎஸ்கே கிளப் 1958, 59, 60 மூன்று வருஷமும் ஐரோப்பிய சாம்பியன் கோப்பையை வென்றது. அந்த ஆட்டக்காரர்கள் நாட்டுக்கு ஆடியபோது உடுத்தியது வேறு சட்டை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

88-86!! பிரான்ஸ் வெளியே. ஒலிம்பிக் வெள்ளி, ஐரோப்பிய வெள்ளி, கூடைக்கடியில் கோபேர், இரண்டே ஆட்டத்தில் கதை முடிந்தது. பெரியவரை வெளியே இழு, உள்ளே ஓடு. வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 28

அந்தக் குதிகால் சரியாக இருந்திருந்தால் என்ற கேள்வியை இனி கேட்கக் கூடாது. கேட்டாயிற்று.

ஆகஸ்ட் 29

கனடா 101, லாட்வியா 75. கனடாவின் கார்டு கில்ஜியஸ்-அலெக்ஸாண்டரை நிறுத்த வழியில்லை. அவர் வேகத்தால் ஓடுவதில்லை, வேகத்தைக் குறைத்து ஓடுகிறார். காப்பாளர் முந்திப்போய் நின்றுவிட, பின்னாலிருந்து தொட்டால் ஃபவுல். ஒரு குவார்ட்டரில் ஐந்தாவது ஃபவுலிலிருந்து ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காத ஷாட். இந்தப் பக்கம் கனடாவின் காப்பாளர் டார்ட் மாதிரி ஒருவர் ஜகார்ஸின் மேல் ஒட்டிக்கொண்டால் ஸ்கிரீன் வருவதற்குள், ஷாட் போடக் கிடைக்கும் 24 நொடியில் எட்டு காலி. மிச்ச நேரத்தில் போடுவது எல்லாம் நெருக்கடி ஷாட்.

இந்த 26 புள்ளித் தோல்வியும் சேர்ந்தே அடுத்த சுற்றுக்கு வரும். எரிச்சல்.

செப்டம்பர் 1

ஸ்பெயின் 69, லாட்வியா 74. நடப்பு உலக சாம்பியன், நடப்பு ஐரோப்பிய சாம்பியன். 1935-க்குப் பதில் என்று ஸ்பெயின்காரர்கள் நினைத்திருந்தால் இன்னும் காத்திருக்கட்டும்.

செப்டம்பர் 2

பிரேசிலும் நேற்று கனடாவை 69-65 என்று வீழ்த்திவிட்டது. ஆக குழுவின் நான்கு அணிக்கும் மூன்று வெற்றி, ஒரு தோல்வி, அட்டவணையில் ஏழு புள்ளி. எல்லாரும் புள்ளி வித்தியாசத்தைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறார்கள். அவசியமே இல்லை. நாளை லாட்வியா-பிரேசில், கனடா-ஸ்பெயின். வென்ற இருவருக்கு ஒன்பது, தோற்ற இருவருக்கு எட்டு. இரண்டுமே நாக்-அவுட்தான், பெயர்தான் வேறு.

பிரேசிலுக்கு முதல் ஆட்டத்திலேயே ரவுல் நெட்டோவின் முழங்கால் போய்விட்டது. பந்தை எடுத்துவர ஆள் குறைவு. அழுத்த வேண்டியது அங்கேதான்.

செப்டம்பர் 3

104-84. காலிறுதி. அடுத்தது மணிலா, ஜெர்மனி.

அதே நாளில் லிதுவேனியா அமெரிக்காவை 110-104 என்று வீழ்த்தியிருக்கிறது. பால்டிக் ஞாயிறு!

செப்டம்பர் 5, செவ்வாய்

நெருக்கமாக முடியும் என்று உள்ளே ஏதோ சொல்கிறது. அப்படியானால் டைம் அவுட் கணக்கு. இரண்டாம் பாதிக்கு மூன்று. மூன்றையும் கடைசிக்குப் பத்திரப்படுத்த முடியாது. கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டுக்கு மேல் எடுக்க விதி இல்லை. எதிரணி கூடை போட்டபின் அந்த நேரத்தில் டைம் அவுட் கேட்டால் பந்தை எதிர்ப்பாதியிலிருந்தே தொடங்கலாம், கூடைக்குப் பின்னால் உள்ள எண்ட்லைனிலிருந்து 8.325 மீட்டர் தள்ளியுள்ள கோட்டில். ஆனால் ஷாட் கடிகாரம் 14 நொடிதான். சொந்தப் பாதியிலிருந்து கொண்டுவந்தால் 24 முழுசாகக் கிடைக்கும். பின்தங்கியிருப்பவர் முன்னால் போவார், முன்னணியில் இருப்பவர் பின்னாலிருந்து வந்து நேரத்தைத் தின்பார். எல்லைக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே வீச (த்ரோ-இன்) ஐந்து நொடி. அந்த ஐந்தில் தூரத்து ஷாட் போடும் பெர்தான்ஸை இரண்டு ஸ்கிரீன் தாண்டி வெளியே கொண்டுவர முடியுமா? ஒன்றுதான் முடியும்.

ஜெர்மனியின் ஃபிரான்ஸ் வாக்னர் கணுக்கால் தேறி வருவாரா என்றும் தெரிய வேண்டும்.

செப்டம்பர் 6

79-81.

செப்டம்பர் 7, வியாழன்

கடைசி நொடியில் பெர்தான்ஸின் மூன்று புள்ளி ஷாட். விழுந்திருந்தால் 82-81. வலது மோதிர விரலில் ஒரு பகுதி இல்லாத அந்தக் கையிலிருந்து எத்தனையோ விழுந்திருக்கின்றன. அதனால்தான் அவரிடம் பந்து போனது, போகத்தான் வேண்டும்.

இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கும்போது இரண்டுக்குப் போவதா, மூன்றுக்கா? கணக்கு கடினமில்லை. உள்ளே போய் பாதிக்குப் பாதி போடுவார் என்றாலும் கிடைப்பது கூடுதல் நேரம் மட்டுமே, அதிலும் பாதி. ஆக வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 25. மூன்றை நூற்றுக்கு 35 போடுபவர் கையில் இருந்தாலே அதைவிட மேல். அந்த ஷாட்டைக் குறை சொல்பவர்கள் எண்ணிப் பார்க்காதவர்கள்.

ஷ்ரோடர் 26 ஷாட்டில் 4 போட்டார். நான்கு! எதிரணியின் தலைமை கார்டு 22 தவறவிட்டும் தோற்பது எப்படி? தவறிய பந்து யார் கைக்குப் போனது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் தைஸ், ஃபோக்ட்மன், வாக்னர் சகோதரர்கள் பாக்ஸ்-அவுட்டை, அதாவது முதுகால் மறிப்பதை, தாண்டி வந்து பந்தை எடுக்கிற ஆட்கள். ஆகஸ்ட் 19-ல் எழுதியது இதுதான். ஃபிரான்ஸ் வாக்னர் திரும்பி வந்து 16 வேறு. ஒரு அணியின் ஆள் கணுக்கால் தேறி வருகிறார், இன்னொரு அணியின் ஆள் குதிகாலோடு வீட்டில்.

இத்தாலியை இன்று 87-82. ஐந்தாம் இடத்துக்கு லிதுவேனியா.

செப்டம்பர் 8

ஜெர்மனி 113, அமெரிக்கா 111. தோற்றது சாமானிய அணியிடமில்லை. ஆறுதலா இது?

செப்டம்பர் 9, சனி

98-63. லிதுவேனியா மேல்!

ஜகார்ஸ் 17 அசிஸ்ட், உலகக் கோப்பையில் ஒரே ஆட்டத்துக்கான சாதனை. போன சீசனில் அதே லிதுவேனியாவின் கெடைனியாய் ஊரில் நேவேஜிஸ் என்ற சிறு கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவர். 17-ஐப் பார்த்து மயங்குபவர்கள் வாங்கியவர்களையும் பார்க்க வேண்டும்: பாஸ் போய்ச் சேர்ந்தவர் போட்டால்தான் அசிஸ்ட். ஐந்து பேரும் போடும் அணியில்தான் இந்த எண் சாத்தியம்.

1939, கௌனாஸ், லிதுவேனியா 37, லாட்வியா 36. அந்த ஒரு புள்ளிக்கு இன்றைய 35 ஈடாகாது. அது பட்டம், இது ஐந்தாம் இடம்.

2024 ஜூலை 3, ரீகா

ஒலிம்பிக் தகுதிப் போட்டி. பிலிப்பைன்ஸ் 89, லாட்வியா 80. சொந்த ஊரில்.

ஜூலை 4

ஜார்ஜியா பிலிப்பைன்ஸை 96-94 என்று வென்றதால் மூவருக்கும் ஒரு வெற்றி, ஒரு தோல்வி. லாட்வியாவுக்குக் கூட்டல் 19 (ஜார்ஜியாவை 83-55 என்று அடித்தது காப்பாற்றியது), பிலிப்பைன்ஸுக்குக் கூட்டல் 7, ஜார்ஜியாவுக்குக் கழித்தல் 26. தோற்ற பிறகும் குழுவில் முதலிடம். செவ்வாய்க்கிழமை ஜார்ஜியாவுடன் கடைசி நிமிடங்களில் வேண்டாத ஷாட் எதற்கு என்று முணுமுணுத்தவர்களுக்கு இதுதான் விடை.

ஜூலை 6

நாளை பிரேசில். பாரிஸ் ஒலிம்பிக்குக்கு ஒரே ஓர் இடம். போன செப்டம்பரின் 20 புள்ளியை யாரும் நினைக்காமல் இருந்தால் சரி. அன்று அவர்களுக்கு நெட்டோ இல்லை, இங்கே ரீபவுண்டு (தவறிய பந்தைப் பிடிப்பது) இன்னும் அதே கதைதான்.