அப்பாவின் மூச்சைப் படம் எடுத்த நாள்

எங்கள் சாயல்குடிப் பக்கம் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவது (விறகை அடுக்கி மண்ணால் மூடிப் புகைய விட்டுக் கரியாக்குவது) பலருக்குப் பிழைப்பு. அப்பா முப்பது வருடம் அதில்தான் கிடந்தார். மூட்டம் பிரித்துக் கரி அள்ளும் நாட்களில் மூக்கைச் சிந்தினால் கறுகறுவென்று வரும். “உள்ள போனதெல்லாம் வெளிய வந்துருதுல்ல” என்பார். நாங்களும் நம்பினோம்.

இருமலும் இளைப்பும் முற்றியபோது சளியைச் சோதித்து, காசநோய் இல்லை என்றார்கள். சி.டி. ஸ்கேனில் வலது நுரையீரலில் பெரிய காற்றுக் கொப்புளம் தெரிந்தது. அறுவை சிகிச்சை தேவையா என்று முடிவெடுக்கும் முன், இழுக்கிற காற்று எங்கெங்கே போகிறது என்று பார்க்க மதுரையில் ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள்.

முதல் தடவை போனது வீண். ஸ்கேனோடு சேர்த்துப் பார்க்கப் புது மார்பு எக்ஸ்ரே வேண்டுமாம்; கையில் இருந்தது பழையது. புதிதாக எடுத்து வருவதற்குள் அன்றைய முறை முடிந்துவிட்டது. டெக்னீஷியம்-99எம் என்ற அந்தக் கதிர்வீச்சு மருந்து 6 மணி நேரத்தில் பாதியாகிவிடுமாம். நமக்காக எடுத்து வைக்க முடியாது. போகிறவர்கள் புது எக்ஸ்ரேயோடு போங்கள்.

அடுத்த வாரம் அருப்புக்கோட்டை வழியாக முதல் பஸ். அப்பாவின் மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்தார்கள். மருந்து பனிமூட்டம் போல வரும், சாதாரணமாக இழுத்து விடணும், அவ்வளவுதான். அப்பாவோ பீடி இழுப்பது போல வெடுக்கென்று இழுத்தார். சில நிமிடம் கழித்துப் படுக்க வைத்துக் காமிராவில் பார்த்தால் தொண்டையும் வயிறும் பளிச்சென்று இருக்கின்றன, நுரையீரல் மங்கல். மறுபடி உட்கார வைத்து, “மெதுவா, மெதுவா” என்று சொல்லிச் சொல்லி இழுக்க வைத்தார்கள்.

காத்திருந்த நேரத்தில் அங்கே வேலை பார்க்கும் தம்பி எனக்கு விளக்கினார். வேகமாக வரும் துகள் தொண்டை வளைவில் திரும்ப முடியாமல் மோதி ஒட்டிக்கொள்ளும். 5 மைக்ரானுக்கு மேற்பட்டவற்றில் பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிடும் (தலைமுடி சுமார் 70 மைக்ரான்). அதற்குக் குறைந்தவை மெதுவாக இழுத்தால் கீழே இறங்கிக் கிளைக் குழாய்களில் படியும். அப்போதுதான் உறைத்தது: மூக்கில் வந்த கறுப்பு பெரிய தூசி மட்டும். 1 மைக்ரானுக்கும் சிறிய மூட்டப் புகைத் துகள் மூக்கைத் தாண்டி நுரையீரலின் கடைசி வரை போகக்கூடியது.

அப்புறம் கையில் ஊசி போட்டு ரத்த ஓட்டத்தையும் படம் எடுத்தார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கணும், இன்று மட்டும் பேத்தியை மடியில் வைக்காதீர்கள் என்றார்கள். அதில்தான் அப்பாவுக்கு வருத்தம்.

படத்தில் நடுக் குழாய்களில் மருந்து திட்டுத்திட்டாகக் குவிந்திருந்தது. கொப்புளம் இருந்த இடம் வெறும் இருட்டு. அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர். பம்ப் இன்ஹேலரோடு, அதற்கும் வாய்க்கும் நடுவில் மாட்டுகிற ஸ்பேசர் என்ற குழாயும் கொடுத்து, மெதுவாக இழுத்துப் பத்து எண்ணும் வரை அடக்கச் சொன்னார். கேப்சூல் போட்டு இழுக்கிற கருவி என்றால் இதற்கு நேர்மாறாக வேகமாக இழுக்கணுமாம்; எது உங்களுடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா பத்தை மூட்டை எண்ணுகிற வேகத்தில் எண்ணிவிடுகிறார். அதனால் இப்போது பேத்திதான் எண்ணுகிறாள். ஏழுக்குப் பிறகு அவளுக்கு ஐந்து வருகிறது, பரவாயில்லை.