14க்கு 11 அறையில் 46 கிலோ டவர்: 40 ஹெர்ட்ஸ் அடங்கியது, 49 இன்னும் வரவில்லை

சின்ன அறையில் பெரிய டவர் ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டு, அவற்றின் பேஸ் (கீழ்ச்சுர ஒலி) ஊதிப் பெருகுவதை அடக்கப் போராடிக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி எடுத்த ஸ்வீப்பில் (கீழிருந்து மேல்வரை எல்லாச் சுரத்தையும் ஓட்டி மைக்கில் அளப்பது) 40 ஹெர்ட்ஸ் மேடு, அதாவது அந்தச் சுரம் மட்டும் மற்றவற்றைவிட உரக்கக் கேட்பது, 13 டெசிபலிலிருந்து நாலுக்கு இறங்கிவிட்டது. ஏழு மாத உழைப்பு. மைக்கை மூடி வைத்ததும் எண்பதுகளின் சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டு, பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேட்டேன். கீழ்க் கம்பியின் ஈ சுரம் 41 ஹெர்ட்ஸ். இத்தனை நாளும் அது வந்தால் அறை முழுக்க நின்றுகொண்டு அடுத்த இரண்டு சுரங்களையும் விழுங்கிவிடும். நேற்று அது மற்ற சுரங்களோடு வரிசையில் வந்து வரிசையில் போனது. அந்தப் பாட்டை நான்கு முறை கேட்டேன்.

அறை பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடியறை. 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், காங்கிரீட் தளம், ரெட் ஆக்சைடு தரை. ஸ்பீக்கரில் பேஸுக்குப் பத்தங்குல ஊஃபர் இரண்டு, நடுச்சுரங்களுக்குத் தனி மிட், உச்சச் சுரங்களுக்கு ட்வீட்டர், பின்பக்கம் இரண்டு போர்ட் (காற்று போய்வரும் துளை). ஒன்றின் எடை 46 கிலோ. மும்பைக்கு மாற்றலாகிப் போன நண்பரிடமிருந்து வாங்கினேன். அவர் வீட்டு ஹால் 24 அடி நீளம். அங்கே கேட்டுத்தான் மனதைக் கொடுத்தேன்.

அந்த 24 அடியில்தான் விஷயமே இருக்கிறது. எந்த அறையிலும் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் ஒலி மோதித் திரும்பி, அந்தத் தூரத்துக்கு ஏற்ற சில சுரங்கள் மட்டும் பெருகி நிற்கும். அதைத்தான் மோடு என்கிறோம். அங்கே நீளவாட்டு முதல் மோடு 24 ஹெர்ட்ஸுக்கும் கீழே விழுகிறது. நான் கேட்கும் பாட்டுகளில் அந்த இடத்தில் எதுவுமே இல்லை. என் அறையில் அதே கணக்கு 40-ல் வந்து நிற்கிறது. அகலத்துக்கு 51, உயரத்துக்கு 57. பேஸ் கிட்டாரின் கீழ்ச் சுரங்கள் குடியிருக்கும் தெருவே அதுதான். சின்ன ஸ்பீக்கர் 60-க்குக் கீழே தானாகவே இறங்கிவிடும், மோடைத் தட்டி எழுப்பாது. என் டவர் 28 வரை தாராளமாகப் பாயும், மூன்றையும் எழுப்பிவிடும். பிபிசி பொறியாளர்கள் எழுபதுகளின் தொடக்கத்தில் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரை வடிவமைத்தபோது ஐந்து லிட்டர் மூடிய பெட்டியோடு நிறுத்திக்கொண்டார்கள். இடத்தைப் பார்த்துப் பெட்டியை அளந்தவர்கள் அவர்கள். நான் பெட்டியை வாங்கி வந்து இடத்தைப் பார்த்தேன். ஆனாலும் இந்த டவரின் மிட்டில் ஒரு குரல் வந்து நிற்கும் விதத்தை எந்தச் சின்ன ஸ்பீக்கரிலும் நான் கேட்டதில்லை. விற்க மனம் வரவில்லை.

(கணக்குக்கு ஒலியின் வேகம் நொடிக்கு 345 மீட்டர் என்று வைத்திருக்கிறேன். பெங்களூரு 900 மீட்டருக்கும் மேலே இருப்பதால் அது மாறாதா என்று ஒருவர் கேட்டார். மாறாது. வெப்பநிலைதான் மாற்றும்.)

அமெரிக்கர்கள் எழுதும் யோசனைகளை அப்படியே பின்பற்றி இரண்டு மாதத்தைத் தொலைத்தேன். அவர்கள் வீட்டுச் சுவர் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. அது தானே கொஞ்சம் அதிர்ந்து பேஸைத் தின்றுவிடும். நம் செங்கல் சுவர் எதையும் தின்னாது, அப்படியே திருப்பி அனுப்பும். மேடும் உயரம், அடங்கும் நேரமும் நீளம். ஒரே அளவு அறை, ஒரே ஸ்பீக்கர் என்றாலும் அவர்கள் படமும் என் படமும் ஒத்துப்போகாது.

இனி இடம் பிடித்த கதை. எனக்கு அதிக நேரம் போனது இதில்தான்.

முதலில் சோபா பின்சுவரோடு ஒட்டியிருந்தது. 40-ம் சரி, அதன் இரண்டாவது மோடான 81-ம் சரி, சுவரோரத்தில்தான் உச்சம். மிருதங்கத்தின் தொப்பியில் (இடப்பக்கத் தோல்) கும்கி, அதாவது சுரம் வளைந்து ஏறும் அடி, கொடுக்கும்போது அந்த வளைவே கேட்காது, வெறும் முழக்கமாகவே வரும். அறையின் நட்டநடுவுக்கு சோபாவை இழுத்தால் 40 அடியோடு காணாமல் போகிறது. சரி, ஸ்பீக்கரையும் சுவரிலிருந்து 110 சென்டிமீட்டர் முன்னால் கொண்டுவரலாம் என்று பார்த்தேன். பேஸ் நன்றாகத்தான் வந்தது. ஆனால் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இரண்டு மீட்டர்கூட இல்லை. பெரிய ஸ்பீக்கரின் இன்னொரு சிக்கல் இது. பேஸைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஊஃபர், மிட், ட்வீட்டர் மூன்றும் ஒரு மீட்டர் உயரத்தில் பரவி நிற்கின்றன. அவை ஒன்றாகச் சேர்ந்து ஒரே குரலாக வரத் தூரம் வேண்டும். இரண்டு மீட்டரில் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் ஒரு குரல், நிமிர்ந்தால் வேறு குரல். நீளச் சுவரில் வைத்தும் பார்த்தேன். அங்கே 11 அடிதான் ஆழம், இன்னும் மோசம்.

அதனால் பேஸுக்கு நல்ல இடம், மிட்டுக்கு நல்ல தூரம் என்று இரண்டுக்கும் நடுவில் ஐந்து ஐந்து சென்டிமீட்டராக நகர்த்தினேன். அடியிலுள்ள கூர்முனைக் கால்களைக் (ஸ்பைக்) கழற்றிவிட்டு, கடப்பாக் கல்லின் மேல் ஸ்பீக்கரை ஏற்றி, கல்லுக்கு அடியில் பழைய ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டால் ஒரே ஆள் இழுத்துவிடலாம். ரெட் ஆக்சைடு தரையிலும் கீறல் விழாது. ஒவ்வொரு இடத்துக்கும் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் எழுதினேன். மொத்தம் 31 இடம். ஒவ்வொன்றிலும் யூமிக்-1 என்ற அளவை மைக், ரூம் ஈக்யூ விஸார்டு என்ற மென்பொருள், மூன்று ஸ்வீப்.

வென்றது 22-ம் எண். ஸ்பீக்கரின் முன்பலகை சுவரிலிருந்து 75 சென்டிமீட்டர், காது பின்சுவரிலிருந்து 105. நடுவில் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். 105 என்பது அறை நீளத்தில் கிட்டத்தட்டக் கால்பங்கு. 81 ஹெர்ட்ஸ் மோடுக்கு அங்கே நல் (null), அதாவது அது கேட்காத இடம். தொப்பி அன்றைக்கே தெளிந்துவிட்டது, கும்கி வளைந்து ஏறுவது காதில் விழுந்தது. முன்சுவரிலிருந்து திரும்பும் ஒலியால் 115-ல் ஒரு பள்ளம் உண்டு. மோசமில்லை, விட்டுவிட்டேன்.

மிச்சமிருந்தது 40. இரண்டு போர்ட்டிலும் ஈரிழைத் துண்டை இறுக்கமாக உருட்டிச் செருகினேன். ஒன்றை மட்டும் அடைத்தால் டியூனிங் (போர்ட் முழங்கும் சுரம்) இன்னும் கீழே போகிறது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டையும் அடைத்ததில்தான் வேகமாக அடங்குகிறது. பேஸ் மெலிந்துவிடும் என்று பயந்தேன். மெலியவில்லை. 40-க்குக் கீழே இந்தக் கெட்டிச் சுவர் அறையே தூக்கிக் கொடுக்கிறது. அதன் பிறகுதான் ஈக்யூ, அதாவது ஒரு குறிப்பிட்ட சுரத்தை மட்டும் மின்னணு முறையில் கூட்டுவதோ குறைப்பதோ: 40.5 ஹெர்ட்ஸ், க்யூ 6 (பட்டை எவ்வளவு குறுகல் என்பது), ஆறு டெசிபல் குறைப்பு. வரிசையை மாற்றிச் செய்யாதீர்கள். முதலிலேயே ஈக்யூ போட்ட மாதங்களில் எனக்கு ஒன்றுமே நேராகவில்லை.

ஸ்வீப் எடுப்பவர்கள் அறையில் உள்ள பொருள்களையும் கவனியுங்கள். 62-ல் ஒரு கரகரப்பு வந்துகொண்டே இருந்தது. ஊஃபர் கிழிந்துவிட்டதோ என்று இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசியில் அது பீரோ கைப்பிடி. 57-ல் கீழிருந்து அம்மா, “டேய், பரண் மேல அண்டா அதிருதுடா” என்று குரல் கொடுத்தார். அண்டாவுக்கு அடியில் கோணிப்பை மடித்துப் போட்ட பிறகு அதுவும் ஓய்ந்தது.

ஒலியை உறிஞ்ச ராக்வுல் (பாறையிழைப் பலகை) வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபால்ஸ் சீலிங் சாமான் விற்கும் ஒரு கடையில் கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு மீட்டருக்கு 60 சென்டிமீட்டர், 50 மில்லிமீட்டர் கனம் என்றால் ஒரு பலகை 1.44 கிலோ இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் வைத்தால் ஒரு கிலோதான். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள், இன்னும் எனக்கு ஆறவில்லை. தராசோடு போய் வாங்குங்கள். மேலே சுற்ற, ஊதினால் மறுபக்கம் காற்று வரும் பருத்தித் துணி சிக்பேட்டையில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. அதுவரை மூலைகளில் பாட்டி காலத்து இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி நிறுத்தியிருந்தேன். பேச்சின் எதிரொலி நன்றாகவே குறைந்தது. 40-க்கு இவை எதுவும் உதவாது. அந்த அலையின் கால்பங்கே இரண்டு மீட்டருக்கு மேல். ஸ்டுடியோ ஃபோம் என்று விற்கும் இரண்டங்குலப் பஞ்சு அங்கே எதையும் தொடாது.

இனி அடங்காதது. 49 ஹெர்ட்ஸ், அதாவது பேஸ் கிட்டாரின் ஜி. 40-க்கும் 57-க்கும் நடுவில் இடைவெளி. அங்கே கைகொடுக்க வேண்டிய அகலவாட்டு மோடு நடு இருக்கையில் நல். இரண்டு ஸ்பீக்கரும் சமச்சீராக நிற்பதால் அதைத் தட்டி எழுப்பவும் ஆளில்லை. 9 டெசிபல் பள்ளம். ஈக்யூவில் ஆறு டெசிபல் ஏற்றினால் ஒன்றுதான் ஏறியது, ஊஃபர் மட்டும் கண்ணுக்குத் தெரிய ஆடியது. உடனே எடுத்துவிட்டேன். சோபாவை 25 சென்டிமீட்டர் இடப்பக்கம் தள்ளினால் கொஞ்சம் வருகிறது, ஆனால் நடுவில் நின்று பாடுகிற குரல் நகர்ந்துவிடுகிறது. அதற்கு நான் தயாரில்லை. சோபாவுக்குப் பின்னால் ஒரு சின்ன சப்ஊஃபர் (பேஸுக்கு மட்டுமான ஸ்பீக்கர்) வைத்து அதன் ஒலியலையின் கட்டத்தை (ஃபேஸ்) மாற்றிப் பார்க்க ஆசை. எஸ்.பி. ரோட்டில் எட்டங்குல டிரைவர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

அதற்குள் மிச்சமிருக்கும் 4 டெசிபலையும் விட மனமில்லை, மெம்பிரேன் டிராப், அதாவது முன்பலகை அதிர்ந்து பேஸைத் தின்னும் மூடிய பெட்டி, கட்டப்போகிறேன். 60-ஐ, பலகையின் எடையையும் (சதுர மீட்டருக்குக் கிலோ) பெட்டியின் ஆழத்தையும் (மீட்டரில்) பெருக்கியதன் வர்க்கமூலத்தால் வகுக்கும் அந்தச் சூத்திரப்படி 6 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு 60 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டும், அறையில் இடமில்லை. 12 மில்லிமீட்டர், சதுர மீட்டருக்கு 7.2 கிலோ என்றால் 30 சென்டிமீட்டர் போதும், 41 ஹெர்ட்ஸில் விழுகிறது. தச்சர் வியாழக்கிழமை வருகிறார். முதல் பெட்டி சோபாவுக்குப் பின்னால் இடது மூலைக்கு. ஓரங்களில் காற்று கசியாமல் சிலிகான் பூச இரண்டு டியூப் வாங்கி வைத்துவிட்டேன்.