முண்டாசு கட்டி ஆடிய இருபத்தைந்து பேர்

ஊரீசு கல்லூரியில் இளங்கலையை முடித்துவிட்டு, 1996 ஆகஸ்டில் மேற்படிப்புக்காக நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக் நகருக்கு வந்து சேர்ந்த முதல் வாரத்தில், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பழைய வளாகத்தில் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த நான், ஒரு கட்டடத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். நம் கல்லூரிச் சான்றிதழில் ஆங்கிலத்தில் 'வூர்ஹீஸ்' என்று அச்சிட்டிருந்த அதே பெயர் அங்கேயும் இருந்தது. வேலூரில் நமக்குக் கல்லூரி கிடைக்கப் பொருளுதவி செய்த ரால்ஃப் வூர்ஹீஸ், எலிசபெத் ராட்மன் வூர்ஹீஸ் தம்பதியர் நியூ ஜெர்சிக்காரர்கள் என்பதும், ரட்கர்ஸுக்கும் அவர்கள் கொடையாளிகள் என்பதும், அந்தக் கட்டடம் அவர்கள் பணத்தில் முதலில் நூலகமாக எழுந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தன. உள்ளூர்க்காரர்கள் அந்தப் பெயரின் நடுவிலுள்ள ஹகரத்தை விழுங்கி 'வோரீஸ்' என்று சொல்வதைக் கேட்டபோது, நம்மவர்கள்தாம் வாய்க்கு வந்தபடி பெயரைத் திரித்துவிட்டார்கள் என்று அதுவரை நினைத்திருந்ததற்காகச் சற்று வெட்கமாகவும் இருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் அறைத்தோழர்கள் என்னை ராரிட்டன் ஆற்றுக்கு அப்பாலிருந்த விளையாட்டரங்குக்கு அழைத்துச் சென்று கால்பந்து காட்டினார்கள். தலைக்கவசமும் தோளில் அட்டைகளுமாக வந்தவர்கள் நீள்வட்டப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள், அடுத்த நிமிடமே ஆட்டம் நின்றது, மீண்டும் விழுந்தார்கள். காலால் உதைத்தது மிகக் குறைவு என்பதால் இதற்கு ஏன் இந்தப் பெயர் என்று மறுநாள், நான் பகுதிநேர வேலை பார்த்த நூலகத்தின் முதிய ஊழியர் ஒருவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மதிய உணவு வேளையில் என்னைக் கல்லூரிச் சாலையோரம் அழைத்துச் சென்று, உடற்பயிற்சிக் கூடத்தையும் அதையொட்டிக் கார்கள் நின்ற இடத்தையும் காட்டி, "இங்கேதான் ஆரம்பித்தது" என்றார்.

1869 நவம்பர் 6, சனிக்கிழமை. அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் கால்பந்தாட்டம் என்று இன்று கணக்கில் வைத்திருப்பது அன்று அந்த மைதானத்தில் நடந்ததைத்தான். எதிரணி, இருபது மைலுக்குள்ளிருந்த பிரின்ஸ்டனிலிருந்து காலை இரயிலில் வந்தது. அந்தக் கல்லூரியின் பெயர் அப்போது நியூ ஜெர்சி கல்லூரி. மூன்றாண்டுகளுக்கு முன் பேஸ்பால் ஆட்டத்தில் 40க்கு 2 என்று அவர்களிடம் தோற்றிருந்த ரட்கர்ஸ் மாணவர்கள் அந்த அவமானத்தை மறந்திருக்கவில்லை. பக்கத்துக்கு இருபத்தைந்து பேர். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது, எறியக்கூடாது. கோல் கம்பங்களுக்கு நடுவே எட்டுத் தப்படி இடைவெளி. முதலில் ஆறு கோல் போட்டவர்களுக்கு வெற்றி. லண்டன் கால்பந்துச் சங்கத்தின் விதிகளைத் தழுவிய ஆட்டம் அது என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூர்க் கோட்டை மைதானத்தில் ஆள் கணக்குப் பார்க்காமல் நாம் ஆடியதற்கும் அதற்கும் இருந்த உறவு, நான் முந்தைய நாள் அரங்கில் பார்த்ததற்கும் அதற்கும் இல்லை.

சீருடை கிடையாது. ரட்கர்ஸ் மாணவர்கள் மேற்சட்டையையும் தொப்பியையும் கழற்றி வைத்துவிட்டு, அடையாளத்துக்காகச் சிவப்புத் துணியைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டார்கள். எதிர்க் கோலுக்கருகே இருவர், தங்கள் பக்கத்தைக் காக்கப் பதினொருவர், பந்தைத் தள்ளிக்கொண்டு போகப் பன்னிருவர் என்று ஆட்களைப் பிரித்து, கடைசிப் பிரிவுக்கு 'புல்டாக்' என்று பெயரும் வைத்திருந்தார்கள். சுமார் நூறு பேர் வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் பலர் வேலிமேல் அமர்ந்திருந்தார்கள். பந்தைத் துரத்திய ரட்கர்ஸின் ஜார்ஜ் லார்ஜும், பிரின்ஸ்டனில் எல்லோரும் 'பிக் மைக்' என்று அழைத்த மைக்கேலும் ஒருசேர வேலியில் போய் மோத, வேலி சரிந்து, மேலே இருந்தவர்கள் கீழே உருண்டார்கள். நான்குக்கு நான்கு என்று ஆட்டம் இழுபட்டபோது, பிரின்ஸ்டன்காரர்களின் உயரத்தைக் கணித்திருந்த ரட்கர்ஸ் தலைவர் வில்லியம் லெகெட், பந்தைத் தரையோடு வைத்துச் சிறிது சிறிதாக உதைத்துச் செல்லச் சொன்னார். கடைசி இரண்டு கோல்களும் அவர்களுக்கே; 6க்கு 4. பிறகு இரு தரப்பும் சேர்ந்தமர்ந்து விருந்துண்டு, விருந்தாளிகள் இரவு எட்டு மணிக்கு ஊர் திரும்பினார்கள்.

இந்த லெகெட் பிற்காலத்தில் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையில் போதகரானார். ஆற்காட்டு மிஷனை வேலூருக்கு அனுப்பி, நம் கல்லூரியைத் தோற்றுவித்ததும் அதே திருச்சபைதான். எதிரணித் தலைவர் வில்லியம் கம்மியர் நியூ ஜெர்சியின் தலைமை நீதிபதியாக உயர்ந்தார். கல்லூரி நாள்களில் நம்மை மைதானத்தில் பார்த்து "உருப்படமாட்டார்கள்" என்று சொன்ன பெரியவர்களை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை, நவம்பர் 13, பிரின்ஸ்டனில் மறு ஆட்டம். அங்கே அவர்கள் ஊர் விதி: பந்தை அந்தரத்தில் பிடித்தவர், யாரும் நெருங்காமல் தாராளமாக உதைக்கலாம். உயரமானவர்களுக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. 8க்கு 0 என்று ரட்கர்ஸ் தோற்றது. மூன்றாவது ஆட்டம் நடக்கவே இல்லை. படிப்பு கெடுகிறது என்று பேராசிரியர்கள் தடுத்துவிட்டதாகச் சொல்வார்கள். ஆக, இரண்டே அணிகள், இரண்டே ஆட்டங்கள், ஆளுக்கொரு வெற்றி. அந்த ஆண்டின் பருவம் அவ்வளவுதான். பல பத்தாண்டுகள் கழித்து, அதற்கும் ஒரு தேசியச் சாம்பியன் வேண்டுமென்று கணக்குப் போட்டவர்களை என்னவென்று சொல்வது! ரட்கர்ஸ் மறுபடி பிரின்ஸ்டனை வென்றது 1938இல்தான்.

அந்த முதல் ஆட்டத்தில் எனக்கு நெருக்கமானவர் லெகெட் அல்லர். ஆட்டத்தின் உச்சத்தில் திசை மறந்து, தன் கோலை நோக்கியே பந்தை உதைத்த ஒரு ரட்கர்ஸ் மாணவர் இருந்தார். சொந்த அணிக்காரர் ஒருவர் அதைத் தடுத்தும், அந்தக் குழப்பத்தில் பிரின்ஸ்டன் கோல் போட்டுவிட்டது. ஆட்டத்தை விவரித்து எழுதிய அவருடைய தோழர், அவர் பெயரை நாசூக்காக விட்டுவிட்டார். கோட்டை மைதானத்தில் இறுதியாண்டு மாணவர்களுக்கு எதிராக நான் செய்ததும் இதுவேதான். ஆனால் என் உதையைத் தடுக்க ஆளில்லை, பந்து நேரே உள்ளே போனது. இந்த மலரைப் புரட்டும் என் வகுப்புத் தோழர்கள் இந்த வரிக்கு வருமுன்பே என் பெயரைச் சொல்லிச் சிரித்திருப்பார்கள்.