இடது பக்கத்து இட்லி

நவம்பர் 11, 2024, திங்கள்

அப்பாவைத் தங்க வைத்து பிசியோ கொடுக்கும் ரீஹேப் சென்டரில் சேர்த்தாகிவிட்டது. வளசரவாக்கம் பக்கம், மூன்று மாடி, கீழே மருந்துக் கடை. சென்டரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஸ்ட்ரோக் வந்து இன்றோடு 24 நாள். ஆஸ்பத்திரியில் "எங்க வேலை முடிஞ்சுது சார், இனிமே பிசியோதான்" என்று அனுப்பிவிட்டார்கள். அயனாவரத்தில் எங்கள் வீடு முதல் மாடி, பதினாறு படி. அம்மாவுக்கு முட்டி வலி, நான் காலையில் போனால் ராத்திரிதான் வருவேன். வேறு வழி தோன்றவில்லை.

நாளுக்கு 2,800 ரூபாய். பெட், சாப்பாடு, பிசியோ, நர்சிங் எல்லாம் அதில் அடக்கம். டயப்பர், மருந்து, கையுறை தனி. அட்வான்ஸ் 50,000. மேனேஜர் பிசியோ ஹாலைச் சுற்றிக் காட்டினார். பிடித்து நடக்க இரண்டு கம்பி, கப்பியில் கட்டிய கயிறு, ஆளை நிற்க வைக்கும் சாய்வு மேசை. அப்பா ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் 34 வருஷம் பிட்டர். வீல்சேரில் இருந்தபடியே கப்பியைப் பார்த்துவிட்டு "எண்ணெ விடணும்" என்றார். பேச்சு குழறுகிறது, ஆனால் வருகிறது. அடைப்பு மூளையின் வலது பக்கம் என்பதால் போனது இடது கையும் காலும்தான். பேச்சு தப்பியது அதிர்ஷ்டம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிசியோ வந்து மார்க் போட்டார். சாப்பிடுவது, குளிப்பது, பாத்ரூம் போவது, படி ஏறுவது என்று பத்து விஷயத்துக்கு. பார்த்தெல் ஸ்கோராம். நூற்றுக்கு 20.

நவம்பர் 14, வியாழன்

போகவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு வாட்ஸ்ஆப்பில் போட்டோ வந்தது. தலை வாரி, விபூதி வைத்து, வீல்சேரில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். துபாயிலிருந்து அக்கா, "அப்பா நல்லாதான்டா இருக்காரு, நீ ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்க" என்று வாய்ஸ் மெசேஜ்.

நவம்பர் 17, ஞாயிறு

காலை டிபனுக்கே போய்விட்டேன். கேஸ் ஷீட்டில் ஐந்து நாளாக ஒரே வரி: சாப்பாடு பாதிதான் எடுத்தார். சிஸ்டர் சொன்னார், "அப்பா அடம் பிடிக்கிறார் சார். நாலு இட்லி வச்சா ரெண்டுதான்."

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வலது பக்கம் இருந்த இரண்டு இட்லியைச் சட்னி தொட்டு ஒழுங்காகச் சாப்பிட்டார். இடது பக்கத்து இரண்டும் அப்படியே இருந்தன. "போதுமாப்பா?" என்றேன். "எங்கடா போதும்? ரெண்டு இட்லி வச்சா எவனுக்குப் போதும்?"

தட்டைக் கையால் அரை வட்டம் சுற்றி வைத்தேன். "இப்பதான் வைக்கிறியா" என்று அந்த இரண்டையும் முடித்தார்.

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பிசியோவைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். சின்னப் பையன், ஆனால் தெளிவாகச் சொன்னான். கண்ணில் கோளாறு இல்லை. வலது மூளை அடிபட்டால் சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மனசுக்குத் தட்டாது. நெக்லெக்ட் என்பார்கள். அங்கே ஆள் நிற்பார், கதவு இருக்கும், சொந்தக் கையே கிடக்கும், அவருக்கு மட்டும் எதுவும் இருக்காது. பேசும்போது இடது பக்கமாக நின்று பேசுங்கள், கழுத்தைத் திருப்பித் தேடட்டும், அதுதான் பயிற்சி என்றான். முதல் நாளே ஷீட்டில் எழுதியும் வைத்திருக்கிறான். சமையல் பரிமாறும் அம்மாவுக்கு அந்த ஷீட்டை யார் காட்டப்போகிறார்கள்?

ஐந்து நாள் பாதி வயிற்றோடு இருந்திருக்கிறார். அந்த ஐந்து நாளில் நான் போனது இரண்டே நாள். இரண்டும் சாயங்காலம், பிஸ்கட் வேளையில்.

நவம்பர் 22, வெள்ளி

வேலை முடிந்து நேராகப் போனேன். ராத்திரி ஒன்பது நாற்பது. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று வாட்ச்மேன் மறித்தார், கெஞ்சி ஏறினேன்.

போர்வையை விலக்கியதும் நெடி. டயப்பர் கனத்துத் தொங்கியது. ஆயாவைக் கூப்பிட்டு மாற்றும்போது பார்த்தேன், வால் எலும்புக்கு மேலே ஐந்து ரூபாய் நாணயம் அளவு தோல் உரிந்து ரோஸ் நிறத்தில் இருந்தது. படுக்கைப்புண். ஒரே பக்கம் படுத்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கி ரத்த ஓட்டம் நின்றுவிடும், ஈரமும் சேர்ந்தால் சீக்கிரம் உரியும். அதற்குத்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடுவது.

கட்டிலில் திருப்பிப் போடும் சார்ட் மாட்டியிருந்தது. பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. ஐந்து கட்டத்திலும் கையெழுத்து. மணி இன்னும் பத்தே ஆகவில்லை.

அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "செக் பண்ணாமயே கார்டுல சைன் போட்டிருக்கான். எங்க ஷாப்பா இருந்தா சஸ்பென்ட்."

"ராத்திரி நனைஞ்சா பெல் அடிக்க வேண்டியதுதானேப்பா?"

"பெல்லா? இங்க பெல் எங்கடா இருக்கு?"

இருந்தது. தலையணையிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சுவரோரமாக, சிவப்புப் பொத்தானோடு. இடது பக்கத்தில்.

நவம்பர் 23, சனி

மேனேஜரிடம் சத்தம் போட்டேன். சார்ட் போட்டோவைக் காட்டினதும், "அது டாக்குமென்டேஷன் மிஸ்டேக் சார்" என்றார். புண்ணை டாக்டர் பார்த்து மருந்து எழுதினார். ஒரே இடத்தில் அழுத்தம் விழாமலிருக்க ஏர் பெட், அதாவது காற்று மெத்தை, வந்தது, நாளுக்கு 150 கூடுதல். அவர்கள் திருப்பிப் போடாததற்கு நான் வாடகை கட்டுகிறேன்.

கட்டிலைத் தலைமாடு கால்மாடாக மாற்றிப் போட்டு, வயரைத் தலைமாட்டுக்கு இழுத்துவிட்டால் பெல் வலது பக்கம் வந்துவிடும் என்றேன். திங்கட்கிழமை எலக்ட்ரீஷியன், ஆக்சிஜன் லைன் என்று ஏதேதோ சொன்னார். அப்புறம் நானும் அட்டெண்டர் பையனும் பத்து நிமிஷத்தில் திருப்பிவிட்டோம். ஜார்க்கண்ட் பையன். தமிழில் "தாத்தா", "வலி", "சாப்பாடு" மூன்று வார்த்தைதான் தெரியும். அப்பா ரயில்வே இந்தியில் அவனை மிரட்டிக்கொண்டிருக்கிறார். அங்கே அப்பாவோடு அதிகம் பேசுவது அவன்தான்.

காரிடாரில் அரக்கோணத்து அக்கா ஒருத்தர். வீட்டுக்காரருக்கு முதுகுத் தண்டில் அடி, நாலு மாசமாக இங்கே. நான் கத்தியதைக் கேட்டுவிட்டு, "தம்பி, கத்துற நாளுல மட்டும் நல்லா பாப்பாங்க. நீங்க எப்ப வருவீங்கன்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது" என்றார். அவர் வாரத்தில் மூன்று நாள் வருகிறார், எந்த மூன்று நாள் என்று சொல்வதில்லை.

நவம்பர் 30, சனி

பெஞ்சல் புயல். காலையிலிருந்து கொட்டுகிறது. ஏர்போர்ட்டையே மூடிவிட்டார்கள். மதியமே வந்து மாட்டிக்கொண்டேன், திரும்ப வழியில்லை.

சாயங்காலம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் லைட்டுக்கும் ஆக்சிஜனுக்கும் மட்டும். ஏர் பெட்டின் மோட்டார் நின்றதும் மெத்தை மெல்ல இறங்க ஆரம்பித்தது. நைட் ஷிப்டுக்கு யாரும் வரவில்லை. இரண்டாவது மாடியில் 22 பெட், ஒரு சிஸ்டர், ஜார்க்கண்ட் பையன், அவ்வளவுதான். அந்த சிஸ்டர் வெள்ளிக்கிழமை காலை டியூட்டிக்கு வந்தவர், வீட்டுக்கே போகவில்லை.

எட்டு மணிக்கு அரக்கோணத்து அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "வாங்க தம்பி, தலைப் பக்கம் நீங்க." விரிப்போடு சேர்த்துத் தூக்கி, ஒருக்களித்து, முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்து, முட்டிக்கு நடுவில் ஒன்று. முதல் ஆளுக்குப் பத்து நிமிஷம். ஐந்தாவது ஆளுக்கு ஐந்து நிமிஷம். ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்த சுற்றுக்கு மணியாகிவிடுகிறது. பையனோடு சேர்த்து மூன்று பேர் விடாமல் செய்தே இப்படி. மற்ற நாளில் ராத்திரிக்கு இரண்டு பேர்தான் என்று சிஸ்டர் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு நின்றபடியே ஆறிப்போன எலுமிச்சை சாதம் சாப்பிட்டார்.

அந்த சார்ட்டில் இருந்தது இவர் கையெழுத்தா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

புண் ஆறி வருகிறது. ஸ்கோர் 45. நாலு கால் ஊன்றுகோல் வைத்துப் பாத்ரூம் வாசல் வரை நடந்தார், இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டு, "யாருடா இங்க நிலையை வச்சது" என்றார்.

சென்டர் தேடுகிற இரண்டு பேர் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மெஷினைப் பார்க்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். பதில் சொல்ல யோசித்தால் அடுத்த இடம் பாருங்கள். அந்த இடத்திலும் யோசிக்கத்தான் செய்வார்கள், அது வேறு விஷயம்.

டிசம்பர் 11, புதன்

டிஸ்சார்ஜ். 30 நாளுக்கு 84,000. அதற்கு மேல் மருந்து, ஏர் பெட், டயப்பர். டயப்பர் நாளுக்கு ஆறு என்று கணக்கு. வாதாடி நாலாக்கினேன். ஜார்க்கண்ட் பையன் கார் வரை தூக்கி வந்தான். அப்பா சட்டைப் பையில் இருந்த 200 ரூபாயை வலது கையால் அவனிடம் நீட்டினார். எங்கேயிருந்து வந்தது அந்தப் பணம், தெரியாது.

பதினாறு படி. நான்கு பேர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ பார்ப்பார்கள் என்று பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்திருக்கிறேன்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். நேற்றைய மழை ஈரம் இன்னும் காயவில்லை. அம்மா வாசலின் இரண்டு பக்கமும் ஆறு ஆறாக அகல் வைத்தாள். நான் நாற்காலியை நிலைக்கு நேராகப் போட்டு அப்பாவை உட்கார வைத்தேன்.

"ஏன்டி, பாதி வாசலுக்குத்தான் விளக்கா? எண்ண வெல ஏறிடுச்சா?"

அம்மா எழுந்து அவருக்கு இடது பக்கமாகப் போய் நின்றுகொண்டு, "என்னங்க, இங்க பாருங்க" என்றாள். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். கழுத்து கொஞ்சம் திரும்பியது, நின்றது, மறுபடி திரும்பியது. ஒவ்வொரு விளக்காக வந்தார்.

"அந்தக் கடைசி வெளக்குல எண்ண கம்மியா இருக்கு," என்றார்.

இருந்தது. போய் ஊற்றினேன்.