கிடாரிக்கு ஊசி: பொகவந்தலாவை நாட்குறிப்பு

மார்ச் 3

விடியற்காலையிலிருந்து கிடாரி கத்துகிறது. புல் போட்டாலும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. வெளியே அவிழ்த்துவிட்டதும் பெரிய பசு அதன் மேல் தாவியது, இவள் அசையாமல் நின்றாள். அப்படி நின்றால்தான் சினைப் பருவம் உறுதி. வாலடியில் கண்ணாடி மாதிரிச் சளியும் வடிகிறது.

தோட்டத்துப் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்குக்கு) போகுமுன் சினை ஊசி போடும் மாத்தயாவுக்கு (ஐயாவுக்கு) போன் போட்டேன். காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. பருவம் அடங்கி 10, 12 மணி நேரம் கழித்தே கருமுட்டை வெளியே வரும். முந்தினாலும் வீண், பிந்தினாலும் வீண்.

சாயங்காலம் வந்தார். “எந்தச் சாதிக் காளையின் விந்து, ஃப்ரீசியனா, ஜெர்சியா?” என்றார். அம்பேவெலப் பண்ணை மாடுகளைப் பார்த்தவர்களுக்கெல்லாம் ஃப்ரீசியன் ஆசைதான். ஆனால் இது தலை ஈற்று. லயத்து வரிசை வீட்டுக் கொட்டிலில் பெரிய கன்று குறுக்கே மாட்டிக்கொண்டால் ராத்திரியில் யாரைத் தேடுவது? ஜெர்சி என்றேன். கன்று சிறிதாக இருக்கும், பின்னால் பாலில் கொழுப்பும் கூடும்.

மைனஸ் 196 பாகைத் திரவ நைதரசனிலிருந்து விந்துக் குழாயை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, துடைத்து, வேலையைச் சட்டென்று முடித்தார்.

மார்ச் 5

வாலில் ரத்தம். “ஊசி தங்கலடா” என்றார் அப்பாயி. பக்கத்து லயத்திலும் அதே பேச்சு. பருவம் முடிந்த ஓரிரு நாளில் இப்படி வருவதுண்டு அப்பாயி, சினை நின்றதற்கும் நிற்காததற்கும் இது சாட்சி இல்லை என்றேன். நம்பின முகமாகத் தெரியவில்லை.

மார்ச் 24

21 நாள் ஆகிவிட்டது. சினை நிற்காவிட்டால் மறுபடி பருவம் வரும் நாள். தாவல் எல்லாம் பெரும்பாலும் இரவிலும் விடியலிலும்தான் என்பதால் டோர்ச்சோடு இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். படுத்து அசைபோடுகிறாள். நல்ல சேதி, ஆனாலும் சத்தம் காட்டாமல் பருவம் வந்துபோகும் மாடும் உண்டு.

ஜூன் 8

மழை, அட்டை, புல் வெட்டவே பாடாக இருக்கிறது. மிருக வைத்தியர் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, சினைதான் என்றார். சுமார் 280 நாள் கணக்கு, டிசம்பர் 8 வாக்கில் ஈனும். கேள்விப்பட்டதும் மேல் லயத்து மாமா கன்றுக்கு முன்பணம் தர வந்துவிட்டார். காளைக்கன்று என்றால் பேசுவோம் மாமா, கிடாரி என்றால் கேட்கவே கேட்காதீர்கள் என்றேன்.