ஒன்றும் நடக்காத நாட்களின் கடல்நீர்

மன்னார் வளைகுடா பச்சையாக மாறி, பாம்பன், மண்டபம் கரைகளில் மீன்கள் செத்து ஒதுங்கும் நாட்களில் எங்கள் ஆய்வகத்துத் தொலைபேசி ஓயாது. செய்தியாளர்கள், அதிகாரிகள், மீனவர் சங்கத்தார் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது? அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், கடல் தெளிந்து கிடந்த முந்தைய மாதங்களில் அதே இடத்தில், அதே ஆழத்தில், தண்ணீர் எப்படி இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். இராமநாதபுரம் கடற்கரையில் கடல் நுண்ணுயிர்களை ஆராயும் என் வேலையின் பெரும்பகுதி, யாரும் கேட்காத அந்த நாட்களைப் பதிவு செய்து சேர்த்து வைப்பதில்தான் கழிகிறது.

ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ பத்து லட்சம் பாக்டீரியாக்களும், அதைப்போல் பத்து மடங்கு வைரஸ்களும் இருக்கின்றன. இவற்றில் நூற்றில் ஒன்றுகூட ஆய்வகத் தட்டில் ஊட்டமிட்டு வளர்த்தால் வளர்வதில்லை. அதனால் வெகுகாலம் கடலில் என்ன இருக்கிறது என்பதே தெரியாமல்தான் கடலியல் நடந்தது. உலகக் கடல்களில் மிகுதியாக இருக்கும் ஒளிச்சேர்க்கை உயிரான புரோக்ளோரோகாக்கஸ் 1980களில்தான் கண்ணில் பட்டது. சார்11 என்ற பாக்டீரியக் கூட்டம் 1990இல் மரபணு வழியாக அடையாளம் காணப்பட்டு, வளர்த்தெடுக்கப்படுவதற்கு 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று நாங்கள் கடல்நீரை 0.2 மைக்ரான் துளையுள்ள வடிதாளில் வடிகட்டி, அந்தத் தாளை உறைநிலையில் வைத்து, பிறகு அதிலிருந்து டிஎன்ஏ பிரித்துப் படிக்கிறோம். வடிதாளில் பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது. இளம் பழுப்பாக ஒரு வட்டம், அவ்வளவுதான். ஆனால் அன்றைய கடல் அதில் இருக்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து இன்னும் நல்ல கருவி ஒன்று வந்தாலும், அன்றைய கடலை மீண்டும் கேட்க அந்தத் தாள் போதும்.

இங்கே இரண்டு கடல்கள். மீனவர்கள் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும், பாக் விரிகுடாவை வடகடல் என்றும் சொல்கிறார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். பாம்பன் கால்வாயில் நீரோட்டத்தின் திசையும் பருவத்தோடு திரும்பும். ஆகவே பாம்பன் பாலத்தடியில் ஜூலையில் எடுக்கும் நீரும் டிசம்பரில் எடுக்கும் நீரும் ஒரே இடத்து நீர் என்று சொல்வதே சரியில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வந்து மாதிரி எடுத்துச் செல்லும் ஆய்வுகளின் முடிவுகளை நான் தயக்கத்துடன் படிப்பதற்கு இதுவே காரணம். அந்த எண்கள் பிழையில்லாமல் அளக்கப்பட்டிருக்கலாம், ஆனால் அவை எந்தக் கடலைச் சொல்கின்றன என்பது காற்றைக் கேட்டால்தான் தெரியும்.

கடலைப் பச்சையாக்குவது நாக்டிலுகா. மீனவர்களுக்கு அது பூங்கோரை. ஒரே ஒரு செல்தான் என்றாலும் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவு பெரியது. கண்ணாடிக் குவளையில் அள்ளி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஊறிய ஜவ்வரிசியைப் போல் மேல்மட்டத்தில் மிதக்கும். நுண்ணோக்கியின் கீழே அது நீர் நிறைந்த ஒரு மெல்லிய பை. ஒரு பக்கத்தில் மடிப்பு, அந்த மடிப்பிலிருந்து மெதுவாக அசையும் ஒற்றை உணரி. உற்றுப் பார்த்தால் பைக்குள் எண்ணற்ற பச்சைப் பொட்டுகள் நீந்திக் கொண்டிருப்பது தெரியும். அவை நாக்டிலுகாவின் உறுப்புகள் அல்ல, அதற்குள் குடியிருந்து ஒளிச்சேர்க்கை செய்யும் தனிப் பாசிகள். கடலின் பச்சை நிறம் இந்தக் குடியிருப்பாளர்களுடையது. வெளியே கிடைக்கும் டயாட்டம் என்ற நுண்பாசிகளை விழுங்குவதும், உள்ளே இருக்கும் பாசிகள் ஆக்கித் தருவதை உண்பதும் என இரு வழியிலும் நாக்டிலுகா பிழைக்கிறது. பருவக்காற்று மாறும் இடைவெளியில், காற்றும் அலையும் ஓய்ந்திருக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், அது திரள்வதற்கு இந்த வசதி பெரிதும் உதவுகிறது. இதை முதன்முதலாகக் காணும் மாணவர்கள் நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்க மறுப்பார்கள். நானும் அவர்களை எழுப்புவதில்லை.

"இது பூங்கோரைம்மா. காத்து திரும்புச்சுன்னா கலைஞ்சு போயிரும். திரும்பலேன்னா மீனு ஒதுங்கும்" என்று எங்கள் படகோட்டி அண்ணன் ஒருமுறை சொன்னார். நுண்ணுயிரியல் இதற்குத் தரும் விளக்கம் அவர் சொன்னதோடு முழுமையாக ஒத்துப் போகிறது. பெரும்பாலோர் நினைப்பதுபோல் நாக்டிலுகா நஞ்சு கக்கி மீன்களைக் கொல்வதில்லை. திரள் சிதைந்து அழுகும்போது, அதைத் தின்று செரிக்கும் பாக்டீரியாக்கள் பெருகி, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகின்றன. உடையும் செல்களிலிருந்து அம்மோனியாவும் வெளியேறுகிறது. காற்று எழுந்து அலையடித்தால் மேல்நீரும் கீழ்நீரும் கலந்து புதிய ஆக்சிஜன் இறங்கும். காற்று அசையாமல் நின்றால் அடியில் கிடப்பவை மூச்சுத் திணறும். 2008 அக்டோபரில் இப்படி நடந்தது. 2019 செப்டம்பர், அக்டோபரில் மண்டபத்தை அடுத்த சிங்கிள் தீவருகே ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கி, அக்ரோபோரா, மான்டிபோரா, போசிலோபோரா போன்ற விரைந்து வளரும் பவளங்கள் மடிந்தன. மீன் நீந்தித் தப்பிக்க முயலவாவது முடியும், பவளத்துக்கு அதுவும் இல்லை.

ஆக்சிஜனை அளக்கக் கருவிகள் பல வந்துவிட்ட பிறகும் நான் 1888இல் விங்க்ளர் வகுத்த முறையைக் கைவிடவில்லை. கண்ணாடி மூடியிட்ட சீசாவின் அடிவரை குழாயை விட்டு, குமிழி ஒன்றுகூடச் சேராமல் நீரை நிரப்பி வழியவிட வேண்டும். பிறகு மாங்கனீசுக் கரைசலும், அயோடைடு கலந்த காரக் கரைசலும் சேர்த்து மூடி, தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் குலுக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் வண்டல் படியும். கரைக்கு வந்து அமிலம் சேர்த்தால் வண்டல் கரைந்து மஞ்சளாகும். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் வெளிறியதும் ஸ்டார்ச் சேர்த்தால் கருநீலம் பிடிக்கும். இன்னும் சில சொட்டுகளில், கண்ணிமைக்கும் நேரத்தில், அந்த நீலம் முழுதும் மறையும். எத்தனை மில்லிலிட்டர் செலவானது என்பதிலிருந்து ஆக்சிஜனைக் கணக்கிடுகிறோம். நம் கடலின் 30 டிகிரி வெப்பத்தில், வழக்கமான உப்புத்தன்மையில், நீர் தன்னுள் கொள்ளக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 6 மில்லிகிராம்தான். தொடக்கத்திலேயே நமக்குக் கையிருப்பு குறைவு. பூங்கோரை அழுகும் காலத்தில் அடிநீரை எடுத்துக் குலுக்கிய சீசாவில் வண்டல் பழுப்பாகாமல் வெளிறியே நின்றதைப் படகில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கணக்கிடத் தேவையே இல்லாமல் வயிறு கலங்கிவிடும்.

இந்த அளவீடு எந்த நேரத்தில் எடுக்கப்படுகிறது என்பது மிக முக்கியம். பகலில் பாசிகளும் கடற்புற்களும் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவில் எல்லா உயிர்களும் அதைச் செலவழிக்க மட்டுமே செய்கின்றன. ஆகவே நாளின் மிகக் குறைந்த அளவு விடியலுக்குச் சற்று முன்புதான் இருக்கும். அலுவலகம் திறந்து, படகுக்கு டீசல் போட்டு, காலை பதினொரு மணிக்குப் போய் அளந்தால் கடல் நலமாக இருப்பதாகவே தெரியும். அந்த நேரத்துக்குள் ஆபத்து வந்து போயிருக்கும்.

மண்டபத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு மரபு உண்டு. 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971இல் கொச்சிக்கு மாறும்வரை இங்கேதான் இருந்தது. அங்கே பணியாற்றிய ஆர். ரகு பிரசாத், 1950களின் தொடக்கத்திலேயே பாக் விரிகுடாவில் நாக்டிலுகா திரண்டதையும், அதற்கும் சூடை மீன்பிடிக்கும் உள்ள தொடர்பையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இதைப் புதிய நிகழ்வு என்று பேசுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது அந்தக் கட்டுரையைப் பற்றித்தான். பூங்கோரை அன்றும் வந்தது. இன்று வருவது அன்றைவிட அதிகமா, நீண்ட நாள் நிற்கிறதா, வேறு பாக்டீரியாக்களுடன் வருகிறதா என்பதுதான் கேள்வி. இடைப்பட்ட ஆண்டுகளில் மாதந்தோறும் நீர் எடுத்து வைத்திருந்தால் பதில் கையில் இருந்திருக்கும். ஆய்வுத் திட்டங்களை மதிப்பிடும் குழு ஒன்றில், "மாதாமாதம் ஒரே இடத்தில் தண்ணீர் எடுப்பதில் புதுமை என்ன இருக்கிறது?" என்று என்னிடம் கேட்டார்கள். புதுமை இல்லை என்றே பதில் சொன்னேன். மழைமானியைத் தினமும் பார்ப்பதிலும் புதுமை இல்லை, ஆனாலும் யாரும் அதை நிறுத்தச் சொல்வதில்லை என்றும் சொன்னேன். திட்டம் மூன்றாண்டுக்கு மட்டும் ஒப்புதல் பெற்றது. கடலின் ஒரு போக்கை அறிய மூன்றாண்டு போதாது என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

வடகடலில் வேலை வேறு விதமானது. தேவிபட்டினம், காரங்காடு, தொண்டிப் பக்கம் இடுப்பளவு நீரில் கடற்புல் மெத்தையாக விரிந்திருக்கும். ஆவுளியா என்ற கடல்பசு மேய்வது இந்தப் புல்லைத்தான். இதே பாக் விரிகுடாவில், இன்னும் வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில், 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022இல் அதற்கான பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. புல்லைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், அது வேரூன்றி நிற்கும் சேற்றைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு குழாயைச் சேற்றில் அழுத்தி எடுத்துப் பார்த்தால், மேலே விரல்கனத்துக்குப் பழுப்பு, அதற்குக் கீழே கன்னங்கரிய நிறம், கூடவே அழுகிய முட்டையின் வாடை. ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் வெளியிடும் சல்பைடு அது. சல்பைடு புல்வேருக்கு நஞ்சு. ஆனால் புல், தான் இலையில் ஆக்கிய ஆக்சிஜனை வேர்வரை இறக்கி, வேரைச் சுற்றி மெல்லியதொரு காப்பு வட்டத்தை உண்டாக்கிக் கொள்கிறது. சல்பைடைத் தின்னும் வேறு பாக்டீரியாக்கள் அங்கே குடியேறுகின்றன. நீர் கலங்கி, வெயில் இலைக்கு எட்டாமல் போனால் இந்தக் காப்பு தளரும். புல் மேலே காய்வதற்கு வெகு முன்பே கீழே தோற்றிருக்கும். கண்ணுக்குத் தெரியும் கேடு மிகப் பிந்தி வரும் செய்தி என்பதை இந்தக் கரிய சேறுதான் எனக்கு நன்றாக உணர்த்தியது.

பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் அக்காமார்களும் எங்கள் படகோட்டி அண்ணனைப் போலவே கடலை அறிந்தவர்கள். மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) தழைத்தது, எந்தக் கோடையில் பவளம் வெளுத்தது என்பதை மூழ்கிப் பார்த்தவர்களின் நிச்சயத்தோடு சொல்வார்கள். 2010, 2016 வெளுப்புகளைப் பற்றி அவர்கள் சொன்னதை நாங்கள் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

விடியலுக்கு முந்தைய அளவீட்டுக்கு இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. பாம்பன் பக்கத்து நாட்டுப்படகு மீனவர்கள் சிலர் இருட்டிலேயே வலை எடுக்கப் போகிறவர்கள். அவர்களுக்குச் சீசா நிரப்பவும், கையுறை அணிந்து முதல் இரண்டு கரைசல்களைச் சேர்க்கவும் கற்றுக் கொடுத்தோம். அந்த இரண்டும் சேர்ந்துவிட்டால் ஆக்சிஜன் வண்டலில் பிடிபட்டுவிடும். சீசாவை நிழலில் வைத்துக் கரைக்குக் கொண்டு வந்தால், மீதியை நாங்கள் பார்த்துக் கொள்ளலாம். ஒரு தம்பி சீசாவோடு சேர்த்துக் காற்றின் திசையையும் தாளில் எழுதித் தருகிறார், நாங்கள் கேட்காமலே. அடுத்து அனுப்பப் போகும் திட்ட வரைவில் இவர்களுக்கான மாதக் கூலியைத் தனி இனமாகக் காட்டியிருக்கிறேன். வரும் கட்டுரையில் பெயர்களையும் ஆசிரியர் வரிசையில் சேர்க்கிறேன்.