குடம் உக்கார்ற எலும்பு

ஏர்போர்ட்ல ஸ்கேன் மெஷின்கிட்ட நின்ன ஆபீசர் என் பெட்டியை மட்டும் ஓரங்கட்டி வெச்சுட்டு, "என்னம்மா இது, வீல்சேர் பார்ட்டா?"ன்னு கேட்டாரு. இல்ல சார், மூட்டை தூக்குற பிரேம்னேன். அமெரிக்காவுல இருந்து இங்க மூட்டை தூக்கவா வர்றீங்கன்னு சிரிச்சுட்டு விட்டுட்டாரு. அவரு சொன்னது கிட்டத்தட்ட சரிதான்.

எனக்கு மன்னார்குடி பக்கத்துல ஒரு கிராமம். நாலு வருஷமா மொன்டானாவுல போஸ்மன்ங்கற ஊர்ல இருக்கேன், மண் பரிசோதனை பண்ற லேப்ல வேலை. இங்க களிமண்ணை மிதிச்சே, அங்க போயும் மண்ணைத்தானே சலிக்கிறேன்னு அப்பா கிண்டல் பண்ணுவாரு. மொத ரெண்டு வருஷம் எனக்கு அந்த ஊரு ஒட்டவே இல்ல. அக்டோபர் கடைசி ஆனா லேப்ல பாதிப் பேரு லீவு போட்டுட்டு மலைக்குப் போயிடுவாங்க, திங்கக்கெழம வந்து யாரு எந்த மேட்டுல எல்க்ங்கற பெரிய மானை அடிச்சாங்க, எத்தன நடை நடந்து கறியை எறக்குனாங்கன்னு அதே பேச்சா இருக்கும், நான் டிபன் பாக்ஸைத் தொறந்து வெச்சுக்கிட்டு தலையாட்டிட்டே தயிர்சாதம் சாப்டுட்டு இருப்பேன். மூணாவது வருஷம் கூட வேலை பாக்குற அம்மா ஒருத்தவங்க, அறுவது வயசு இருக்கும், "சுட வேணாம், சொமக்க வர்றியா?"ன்னு கேட்டாங்க. சொமக்கறதுக்கு என்ன, எங்க ஊர்ல அதானே பொழப்புன்னு வாய் விட்டுட்டேன்.

இதை வீட்டுல சொன்னதுக்கு அம்மா மொதல்ல கேட்டது, மான் அடிச்சா போலீஸ் புடிக்காதாடின்னுதான். கோடியக்கரையில வெளிமானை ஏறெடுத்துப் பாக்கவே பயப்படுற ஊரு நம்மளது, 1972 வனவிலங்கு சட்டம் வந்தப்புறம் வேட்டைங்கறதே குத்தம். அங்க அப்படி இல்லம்மா, சீசன் இருக்கு, லைசன்ஸ் இருக்கு, அடிக்கிற மிருகத்துக்கு டேக்னு ஒரு அனுமதிச் சீட்டு வாங்கியிருக்கணும், 1985க்கு அப்புறம் பொறந்தவங்க ஹன்டர் எஜுகேஷன்னு வேட்டைப் பாடம் படிச்சு பாஸ் பண்ணாத்தான் பொதுவா லைசன்ஸே குடுப்பாங்க, திங்கிற கறியைக் காட்டுல விட்டுட்டு வந்தா அதுவே கேஸ் ஆயிடும்னு வெளக்குனேன். கறியை விட்டுட்டு வரக்கூடாதுங்கறது மட்டும் அம்மாவுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு.

அந்த சட்டம்தான் என் முதுகுக்கு எமன். ஒரு பொட்டை எல்க்கே 200 கிலோவுக்கு மேல வரும், ஜீப்பு போற ரோட்டோரத்துல அதுவா வந்து விழாது. விழுந்த எடத்துலயே தோலுரிச்சு, நாலு காலு, முதுகுக்கறி, கழுத்துக்கறின்னு பிரிச்சு மனுஷங்கதான் எறக்கணும். ஒரு பின்னங்காலு எலும்போட 20, 25 கிலோ. அதை சாதாரண பையில போட்டா தொங்கிப்போயி பின்னால இழுக்கும், அதனாலதான் பிரேம். பிரேமுக்கும் பைக்கும் நடுவுல கறியை வெச்சு இறுக்கிக் கட்டிடுவாங்க, அப்பதான் எடை முதுகோட ஒட்டி நிக்கும்.

மொத நடைக்கு அந்தம்மாவோட வீட்டுக்காரர் பிரேமை மாட்டிட்டுப் போனேன். அவரு ஆறடிக்கு மேல, நான் அஞ்சடி ஒரு இன்ச்சு. பெல்ட்டு இடுப்புல நிக்காம சரிஞ்சு பின்பக்கத்துல போயி உக்காந்துக்கிச்சு, தோள் வாருக்கும் தோளுக்கும் நடுவுல ரெண்டு விரல் போற சந்து, அதை இழுத்துக் கட்டுனா மொத்த எடையும் கழுத்துப்பட்டை எலும்புமேல. பனியில ரெண்டு மைல் எறங்குறதுக்குள்ள வலது கை சுண்டுவிரல் மரத்துப்போச்சு, ராத்திரி தலை பின்னக் கை தூக்க முடியல. தோள்ல வாரு ரொம்ப நேரம் அழுத்துனா கைக்குப் போற நரம்பு நசுங்கும்னு அப்புறம் பிசியோதெரபி பாக்குற பொண்ணு சொல்லுச்சு. சும்மா சொல்லக்கூடாது, எனக்குன்னு எடுத்து வெச்ச கறியில மெளகு அரைச்சு ஊத்தி வெச்ச கொழம்புக்காக இன்னொரு தடவை கூட தலையை குடுக்கலாம்னு இருந்துச்சு.

சரி, நமக்குன்னு ஒண்ணு வாங்கிடுவோம்னு கெளம்புனேன். ஒரு விஷயத்துல போஸ்மன் குடுத்து வெச்ச ஊரு, மிஸ்டரி ரான்ச்ங்கற பை கம்பெனி 2000ல ஆரம்பிச்சது அங்கதான், ஸ்டோன் கிளேசியரும் அந்த ஊருதான், பை தைக்கிறதுன்னா நம்ம கும்பகோணத்துல பாத்திரம் மாதிரி. இருந்தும் நான் புத்திசாலித்தனமா ஆன்லைன்ல தள்ளுபடியில வந்த ஒண்ணை வாங்கி (எந்தக் கம்பெனின்னு வேணாம்), ஸ்மால் சைஸ்னு போட்டதை நம்பி ஏமாந்தேன். ஸ்மால்ங்கறது பெல்ட்டுக்குத்தான், பிரேம் உசரம் எல்லாத்துக்கும் ஒண்ணுதானாம். திருப்பி அனுப்புன கூலியே ஒரு தொகை.

அப்புறம்தான் ஒழுங்கா கடைக்குப் போயி அளவு எடுத்தேன். இதுல உசரத்துக்கு வேலையே இல்ல, முதுகு நீளம்தான் கணக்கு. தலையைக் குனிஞ்சா பின்கழுத்துல ஒரு எலும்பு துருத்தும்ல, அதுல இருந்து இடுப்பெலும்போட மேல் வெளிம்பு வரைக்கும். ரெண்டு கையையும் இடுப்புல வெச்சு கட்டைவிரலை பின்னால நீட்டுனா அந்த ரெண்டு விரலையும் சேக்குற கோடுதான் கீழ் முனை. டேப்பை நேரா தொங்கவிடக்கூடாது, முதுகு வளைவோட ஒட்டி எடுக்கணும். எனக்கு பதினஞ்சரை இன்ச்சு. என்னைவிட அரையடி வளத்தியான இன்னொரு பொண்ணுக்கு பதினாறுதான், அவ உசரம் பூரா காலு. பிரேமோட மேல் முனை மட்டும் தோளுக்கு மேல கொஞ்சம் ஏறி நிக்கணும், அங்க இருந்து தோள் வாருக்கு ஒரு சின்ன பட்டை சாய்வா எறங்கும், லோட் லிஃப்டர்னு பேரு, அது ஏறக்குறைய 45 டிகிரி சாய்வுல இருந்தாத்தான் எடையைத் தோள்ல இருந்து பிரிச்சு விடும்.

நீளம் சரியா வந்த பிரேமும் எனக்கு சேரல, அங்கதான் முழிச்சேன். கண்ணாடியில பக்கவாட்டுல பாத்தப்பதான் வெளங்குச்சு, எனக்கு இடுப்புக்குழி ஆழம். எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்குமே அப்படித்தான், சின்ன வயசுல "ஏண்டி வயித்தைத் தள்ளிக்கிட்டு நடக்குற"ன்னு அம்மா முதுகுலயே ஒண்ணு வைப்பாங்க. தட்டையான பிரேம் என் பின்பக்கத்துல முட்டிக்கிட்டு நிக்கும், இடுப்புக்குழியில காத்துதான் இருக்கும், மேல் பாகம் பின்னால சாயும், அது சாயச் சாய நான் முன்னால குனிவேன். கடைக்காரர்தான் சொன்னாரு, கார்பன்ல பண்ணதுன்னா அதை வளைக்க முடியாது, இது உள்ள இருக்கறது ரெண்டு அலுமினியப் பட்டை, உருவி உன் முதுகு எப்படியோ அப்படி வளைச்சுக்கோ, ஆனா அவசரப்படாத, முன்னும் பின்னுமா திருப்பித் திருப்பி வளைச்சா அலுமினியம் வெடிச்சிடும்னு. புதுசா 300 டாலருக்கு மேல குடுத்து வாங்குனதை நானே வளைக்க எனக்கு கை வரல. லீவுக்கு ஊருக்குக் கெளம்புறப்ப என்ன தோணுச்சோ, பெட்டியில வெச்சுக் கட்டிட்டேன்.

பொங்கலுக்கு முந்துன நாள் திண்ணையில வெச்சுப் பிரிச்சேன். சம்பா அறுப்பு ஆரம்பிச்சிருந்ததால ஊரே பரபரன்னு இருக்கு, எதுத்த வீட்டு மாமா மட்டும் வந்து உக்காந்தாரு. கொள்முதல் நிலையத்துல லோடுமேனா இருந்தவரு, 40 கிலோ சிப்பத்தை லாரியில அடுக்கி அடுக்கியே தலை நரைச்சவரு. பிரேமைத் தடவிப் பாத்துட்டு, "பட்டையெல்லாம் சரி தங்கச்சி, மூட்டை எதுல நிக்கிது?"ன்னாரு. பெல்ட்டைக் காட்டுனேன். "எங்களுக்கெல்லாம் முதுகுல வாங்கி ஓடிப்போயி எறக்கணும், அம்பதடி தூரம். நீ சொல்ற மாதிரி மூணு மணி நேரம்னா முதுகு தாங்காது, எலும்புல நிக்க வைக்கணும்." அந்த எலும்பு எதுன்னு நான் கட்டைவிரலை வெச்சுத் தேடிக்கிட்டு இருக்கேன், அத்தை கொல்லையில இருந்து வந்தாங்க, ஈரக் கையோட என் இடுப்புல ஒரு தட்டு தட்டி, "இதுக்கு என்னடி ஆராச்சி ஆயி, குடம் எங்க உக்காரும்?"னாங்க.

அவ்வளவுதான். பத்து வயசுல இருந்து கைபம்புல தண்ணி புடிச்சு இடுப்புல வெச்சவதான நானு, குடத்தோட வயிறு எந்த மேட்டுல ஏறி உக்காருமோ அதே மேடு, பெல்ட்டோட நடுப்பாகம் அதுமேல வரணும், அதுக்கு மேல போனா வயித்தை அறுக்கும், கீழ போனா காலைத் தூக்க விடாது. கடையில, படத்துல, அத்தனை பேரு சொல்லியும் புடிபடாதது அந்த ஒரு தட்டுல புடிபட்டுச்சு. 1952ல கலிஃபோர்னியாவுல டிக் கெல்டிங்கறவரு அலுமினிய பிரேம் பை செஞ்சு விக்க ஆரம்பிச்சப்புறம்தான் எடையை இடுப்புல எறக்குற வழக்கம் அங்க பரவுச்சுன்னு படிச்சதை அத்தைகிட்ட பெருமையா சொன்னேன். அத்தை கண்டுக்கல. நம்மாளுங்க அப்பவேன்னு நான் ஆரம்பிக்கப் போறதில்ல, குடம் ஒரு பக்கமா இழுத்து இழுத்து அத்தைக்கு எடது இடுப்பு ஏறியே போச்சு, ஜாக்கெட் தைக்கிற அண்ணி எப்பவும் ஒரு பக்கம் நீட்டித்தான் வெட்டுவாங்க. ரெண்டு பக்கமும் சமமா எறங்குற பெல்ட்டு நல்ல சாமான், அதுல சந்தேகமே இல்ல.

வளைக்கிறதுக்கு மாமாதான் வழி சொன்னாரு. கரண்டு வேலை பாக்குற தம்பிகிட்ட இருந்து தடியான சர்வீஸ் வயர் மூணடி வாங்கி, நான் நைட்டியோட செவுத்தைப் புடிச்சு சாதாரணமா நிக்க, அம்மா பின்கழுத்து எலும்புல இருந்து வாலெலும்பு வரைக்கும் அந்த வயரை முதுகுல அமுக்கி அமுக்கி ஒட்ட வெச்சாங்க, அலுமினிய வயரு வளைச்சா அப்படியே நிக்கும்ல, அதை அலுங்காம எடுத்து பழைய காலண்டர் அட்டையில வெச்சு பென்சில்ல கோடு போட்டோம். என் முதுகை நான் மொத தடவையா பக்கவாட்டுல பாத்தேன், சுரைக்காயைப் படுக்க வெச்ச மாதிரி இருந்துச்சு. பட்டையை உருவி, அம்மிக்கல்லு விளிம்புல துணி போட்டு, ஒரு தடவைக்கு ஒரு நூலு கணக்குல அமுக்கி, கோட்டுமேல வெச்சுப் பாத்து, திரும்ப அமுக்கி, ரெண்டு பட்டையும் ஒண்ணுமேல ஒண்ணு வெச்சா ஒரே மாதிரி வர்ற வரைக்கும் பொங்கல் அன்னிக்கு மத்தியானம் பூரா போச்சு. மேல் முனையை மட்டும் தலைக்கு எடம் விட்டு பின்னால கொஞ்சம் சாய்ச்சோம், இல்லன்னா மேடு ஏறுறப்ப நிமுந்து பாத்தா பின்மண்டையில இடிக்கும்.

மறுநாள் 25 கிலோ அரிசிச் சிப்பத்தை அதுல கட்டுனோம். மாமா சிப்பத்தைக் கீழ விடாம தோள்பட்டை உசரத்துக்கு ஏத்திக் கட்ட சொன்னாரு, முதுகோட ஒட்டி. எல்லா வாரையும் தளர்த்திட்டு மொதல்ல பெல்ட்டு, அப்புறம் தோள் வாரு, அப்புறம் அந்த சாய்வுப் பட்டை, கடைசியா நெஞ்சுக் கொக்கி. எழுந்து நின்னேன், எடை இருக்கு, ஆனா தோளுக்கும் வாருக்கும் நடுவுல ஒரு விரலை லேசா விட்டு எடுக்க முடியுது. வாய்க்கா கரையோட பழைய ரோட்டு முக்குல இருக்குற சுமைதாங்கி வரைக்கும் நடந்தேன். புள்ளத்தாச்சியா செத்துப்போன ஒரு பொண்ணு நெனப்பா யாரோ எந்தக் காலத்துலயோ நட்ட கல்லு, நட்டுக்க ரெண்டு, மேல படுக்க ஒண்ணு. இப்ப அதுல யாரும் சுமை எறக்கறதில்ல, சுவரொட்டிதான் ஒட்டுறாங்க. பின்னால நகந்து பிரேமோட அடியை அந்தப் படுக்கைக் கல்லுல ஏத்தி வெச்சு பெல்ட்டை அவுத்தேன், யாரோட கையும் தேவைப்படல. மலையில இதுக்காகவே விழுந்து கெடக்குற மரமா தேடித் தேடி நடப்போம், கீழ எறக்கிட்டா திரும்ப தூக்கி மாட்ட ஒரு ஆளு வேணும்.

ஒரு கோளாறு மட்டும் எனக்கு அங்க நின்னப்பதான் ஒறைச்சுது. இதெல்லாம் நான் பண்ணது பருத்தி சுடிதார்ல, நவம்பர்ல மைனஸ் பதினஞ்சுல உள்ள ஒண்ணு மேல ஒண்ணு மூணு சட்டை போட்டிருப்பேன், அத்தனையும் பெல்ட்டுக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி வந்து நிக்கும். அதையும் பாத்துடுவோம்னு வீட்டுக்குப் போயி, வந்தப்ப போட்டிருந்த பனிக்கோட்டை எடுத்து மாட்டி, மேல பிரேமு, அரிசிச் சிப்பம், மாட்டுப்பொங்கல் அன்னிக்கு மத்தியான வெயில்ல திரும்ப கரையோட நடந்தேன். நெனச்ச மாதிரியே பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, தோள் வாரை ஒரு இன்ச்சு விடவேண்டியிருந்துச்சு, அதை நெயில்பாலிஷ்ல ஒரு புள்ளி வெச்சுக்கிட்டேன். கொம்புக்கு பெயின்ட் அடிச்ச மாடுங்க மெரண்டு ஒதுங்குது, பின்னாலயே பத்து புள்ளைங்க. அதுல ஒருத்தன் சுமைதாங்கி வரைக்கும் ஓடிவந்து, "அக்கா, குளுருதா?"ன்னு ரொம்ப அக்கறையா கேட்டான்.